தவிலுக்குப் பின்னால் பெய்த மழை

ஊத்துப்பட்டியில் ஒரு வீட்டுக்குள்ளே மட்டும் மழை பெய்தது என்று சொன்னால், அந்த ஊர்க்காரர்கள் "எந்த வீட்டில்?" என்று கேட்பார்களே தவிர, "எப்படி?" என்று ஒருத்தர்கூடக் கேட்கமாட்டார்கள். பேர்தான் ஊத்துப்பட்டி, ஊற்றும் கிடையாது, ஒரு எழவும் கிடையாது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காடு, சித்திரை பிறந்துவிட்டால் தண்ணி லாரிக்குப் பின்னால் ஓடி ஓடியே பெண்களுக்குக் கெண்டைக்கால் இறுகிப்போன ஊர். அப்பேர்ப்பட்ட ஊரில் தண்ணீர் எந்த வழியாக வந்தாலும் முதலில் குடத்தை வைத்துப் பிடிப்பார்கள், அப்புறம் சாவகாசமாக யோசிப்பார்கள்.

அந்த வீடு காந்திமதிநாதனுடையது. பிலாஸ்பூரில் ரயில்வே சரக்கு ஆபீசில் ஆயுசு பூராவும் குப்பை கொட்டிவிட்டு, கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல், ஒரு தகரப்பெட்டித் துணிமணியோடும் ஒரு லாரி நிறைய ஸ்பீக்கர் பெட்டிகளோடும் சொந்த ஊருக்கு வந்து இறங்கிய மனுஷர். மைக்செட் கடை போடப் போகிறாராக்கும் என்று நினைத்து, வந்த வாரமே காதுகுத்துக்கு வாடகை பேச ஆள் வந்தது. அவர் வாடகைக்கு விடவில்லை. பாட்டும் கேட்கவில்லை. ஒரே ஒரு பழைய ஸ்பூல் டேப்பைத்தான் கேட்டார். அதிலும் ஒரே ஒரு இடத்தைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டார். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள், தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிவிட்டு வந்து அப்பாடா என்று காலை நீட்டும்போது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதே தவில், அதே அடி, அதே இழுப்பு. "ஏன் அண்ணாச்சி, அந்த மேளக்காரரு அடுத்த அடிக்குப் போகவே மாட்டாரா?" என்று சுவரைத் தட்டிக் கேட்பாள்.

மேளக்காரர் மேல் தப்பில்லை. தப்பு ஊர் வழக்கத்தின் மேல் இருந்தது.

ஊத்துப்பட்டியில் பங்குனித் தேர் நிலைக்கு வந்து சேர்ந்ததும் தேரடியில் நாதசுரக் கச்சேரி நடக்கும். அதில் நாதசுரம் ஓய்ந்து தவிலுக்குத் தனி விடுகிற நேரம் பார்த்துத்தான் அந்த ஊர் வயசுப் பிள்ளைகள் மனசில் உள்ளதைச் சொல்லிக்கொள்வார்கள். தவில் இடிக்கிற இடியில் பக்கத்தில் நிற்கிற சித்தப்பன் மாமன் காதில் ஒன்றும் ஏறாது. காதோரம் குனிந்து ரெண்டு வார்த்தை சொன்னால் போதும், பதிலையும் அதே மாதிரி வாங்கிக்கொண்டு போகலாம். ஊரில் பாதிக் கல்யாணம் அப்படி முடிவானதுதான். "உங்க கல்யாணம் ஜாதகம் பாத்துச் செஞ்சதா, தனி கேட்டுச் செஞ்சதா?" என்று புதுசாய்க் கட்டிக்கொண்டவர்களை இன்றைக்கும் கேலி பண்ணுவார்கள்.

காந்திமதிநாதனுக்கு மீசை கறுத்த வயசில் ரயில்வே உத்தியோகம் கிடைத்து, தேர் நிலைக்கு வந்த அன்றைக்கே சாயங்கால வண்டி ஏற வேண்டியிருந்தது. எண்ணெய்க்கடைக்காரர் மகள் உலகம்மை, ஊரெல்லாம் உலகு உலகு என்று கூப்பிடுகிற பெண், பந்தல்காலை ஒட்டி நின்றாள். தனி உச்சத்துக்கு ஏறியபோது அவர் போய்ப் பக்கத்தில் நின்று, குனிந்து, "நான் வேலைக்குப் போறேன் உலகு. திரும்பி வார வரைக்கும் எனக்காகக் காத்திருப்பியா?" என்று கேட்டார். அவள் நிமிர்ந்து பார்த்து என்னவோ சொன்னாள். அவர் நெட்டை, அவள் குட்டை. எக்கி எக்கிச் சொல்லியும் உதடு அசைந்ததுதான் தெரிந்தது, ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே நேரம் பார்த்துக் கோடைமழை தகரப் பந்தல்மேல் வந்து விழுந்தது. கூட்டம் சிதறியது. அவள் தாவணித் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பிப் பாராமல் ஓடிப்போனாள்.

மாட்டேன் என்றுவிட்டாள் என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். வண்டிக்கு இன்னும் நேரம் கிடந்தது. ஆனால் அந்த இடத்தில் நிற்க மானம் இடம் கொடுக்கவில்லை. நனைந்துகொண்டே ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டார். அடுத்த வருஷமோ அதற்கு அடுத்த வருஷமோ அவளைச் சிவகிரிப் பக்கம் கட்டிக்கொடுத்ததாகப் பிலாஸ்பூருக்குச் செய்தி வந்தது. ரொம்ப காலம் கழித்து அவள் தவறிப்போன செய்தியும் வந்தது. ரெண்டு செய்திக்கும் அவர் ஊருக்கு வரவில்லை.

நடுவில் ஒரு தடவை லீவில் வந்தபோதுதான் அந்த ஸ்பூல் கிடைத்தது. கச்சேரியைப் பதிவு பண்ணிய மைக்செட்காரர் கடையைக் காலிபண்ணிக்கொண்டிருந்தார். தேரடிக் கச்சேரி என்றதும் இவர் கேட்டு வாங்கிக்கொண்டார். போட்டுக் கேட்டால், ஐயோ, பதிவு பண்ணுகிற மைக்கைக் கட்டியிருந்ததே அந்தப் பந்தல்காலில்தான்! ரகசியம் பேசுகிறேன் என்று மைக்கின் வாயிலேயே போய் நின்று பேசியிருக்கிறார்கள் ரெண்டு பேரும். இவர் கேட்ட கேள்வி கழுதை கத்தினது மாதிரித் தெளிவாக விழுந்திருந்தது. அதற்கப்புறம் தவில். தவிலுக்குப் பின்னால் மழை. மழைக்கும் பின்னால், கிணற்றுக்கு அடியில் கிடக்கிற ஊசி மாதிரி, அவள் குரல். குரல் என்று தெரிந்தது, என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. இருக்கேன் என்றாளா, மாட்டேன் என்றாளா? அதைத் தெரிந்துகொள்ளாமல் சாகக் கூடாது என்று அன்றைக்கு மனசில் விழுந்ததுதான், வீடு வாசல் பெண்டு பிள்ளை எல்லாமே அவருக்கு அந்த ஒரு கேள்வியாகிப் போனது.

அதற்காகத்தான் ஸ்பீக்கர் வாங்கினார், ஆம்ப்ளிபயர் வாங்கினார், வாங்கியதை விற்றார், விற்றுவிட்டு மறுபடியும் வாங்கினார். கல்கத்தாவில் வாங்கிய பெட்டியில் தவில் லாரி மாதிரி நெஞ்சில் ஏறி இறங்கியது. அவள் குரல் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. பம்பாயில் வாங்கியதில் ஒவ்வொரு மழைத்துளியும் கண்ணாடிச் சில்லாகத் தெறித்தது. குரல் கேட்டது, ஆனால் அதில் சதை இல்லை, எலும்புதான் இருந்தது. சென்னைக் கடைகளில் ஏசி அறைக் கதவைச் சாத்திவிட்டு, சிங்கம் உறுமுகிறதையும் பாத்திரம் உடைகிறதையும் போட்டுக் காட்டி, "எவ்வளவு டீட்டெயில் பாருங்க சார்" என்றார்கள். "தம்பி, எனக்குச் சிங்கம் வேண்டாம். நாதசுரம் நாதசுரமா இருக்கணும், பித்தளையா இருக்கக்கூடாது. தவில்ல தோலு தெரியணும். பேசுதவங்க தொண்டைல எச்சி ஈரம் இருக்கணும். அம்புட்டுதான்" என்பார் இவர். அம்புட்டுத்தானே என்று அவர்களும் இன்னும் பெரிய பெட்டியைக் காட்டுவார்கள். கிணற்றுக் கயிறு கனத்துக்கு வயர் போட்டார். ஸ்பீக்கரைச் செங்கல்மேல் வைத்தார், மணல்மேல் வைத்தார், அம்மிக்கல்லைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தார். நடுவீட்டில் ஒற்றை நாற்காலி போட்டு, அதற்கும் ரெண்டு பெட்டிக்கும் நூல் பிடித்து அளந்து உட்கார்ந்தார். ம்ஹும்.

கடைசியில் தூத்துக்குடி சூசைராயன் வந்தார். வால்வு ஆம்ப்ளிபயரும் பூவரசம் பலகையில் ஸ்பீக்கர் பெட்டியும் செய்து விற்கிறவர், வாய்ச்சவடாலுக்குக் குறைச்சல் இல்லாத ஆள். வேனில் இருந்து இறக்கும்போதே சொல்லிவிட்டார்: "இது பெருசா முழங்காது அண்ணாச்சி. முழங்கணும்னா வேற ஆளப் பாருங்க. ஆனா பொய் சொல்லாது. உள்ளது எதுவோ அதத்தான் வெளிய விடும்." வால்வு சூடேற விட்டு, நடுவீட்டில் அங்கங்கே நின்று கைதட்டிப் பார்த்து, பெட்டியை விரலிடை விரலிடையாக நகர்த்திவிட்டு, "இப்ப போடுங்க" என்றார்.

போட்டதும் காந்திமதிநாதனுக்குப் பெட்டி ரெண்டும் இருக்கிற இடமே தெரியவில்லை. தவில்காரர் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், வலது கை விரல்களில் மாட்டிய கூடு தோலில் படுகிற தேய்ப்புக்கூடக் கேட்டது. அப்புறம் டேப்பில் மழை ஆரம்பித்தது. ஆரம்பித்ததும் நடுவீடு நனைந்தது. ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் இருந்து சடசடவென்று பெய்து, நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, நிலைப்படி தாண்டித் தெருவுக்கு ஓடியது. சூசைராயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "புதுப் பெட்டில்லா அண்ணாச்சி. கொஞ்ச நாள் ஓடினாப் பழகிரும்" என்றார்.

தெருவில் தண்ணீர் ஓடுகிறதைப் பார்த்த பேச்சியம்மாள் உள்ளே போய்க் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அந்த வாரத்துக்குள் அது ஊர் வேலையாகிவிட்டது. வரிசையைப் பேச்சியம்மாள் பார்த்துக்கொண்டாள். பஞ்சாயத்துத் தலைவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்து, செவ்வாயும் வெள்ளியும் டேப் ஓடும் என்று தமுக்கடித்துச் சொல்லவைத்தார். மழை தேரடியில் பெய்த மழை என்பதால் முதல் குடம் அம்மனுக்கு என்று பூசாரி உரிமை கேட்டார், கொடுத்தார்கள். ஈரக்காற்றில் குச்சி காயவில்லை என்று தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி சண்டைக்கு வந்தார். வெயில் தாழ்ந்த பிறகு டேப் போடுவதென்று பேசித் தீர்த்தார்கள். பிழைப்பு போச்சே என்று புலம்பிக்கொண்டிருந்த தண்ணி லாரி டிரைவர், ரெண்டு நாள் முறைத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் ஜன்னலுக்குக் கீழே லாரியை நிறுத்தி அவரும் குழாய் விட்டார். தண்ணீரில் மல்லிகைப்பூ வாசமும் கற்பூர வாசமும் நனைந்த தேர்வடத்தின் வாசமும் இருந்தது. அதில் உலை வைத்தால் அரிசி தாளம் தப்பாமல் கொதித்தது, குளிக்கவைத்த பச்சைப்பிள்ளை தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தது. ஒரே ஒரு குறைதான். நாற்காலிக்குப் பக்கத்தில் வைக்கிற குடம் மட்டும் எப்போதும் அரைக்குடத்தோடு நின்றுவிடும், டேப் முடியப் போகிற நேரத்தில் அந்த இடத்தில் மட்டும் மழை விழாது. அந்த இடம் எனக்கு வேண்டாம் உனக்கு வேண்டாம் என்று பெண்கள் அடித்துக்கொண்டார்கள்.

மழை மட்டும் வரவில்லை, பொய் சொல்லாத பெட்டியாயிற்றே, டேப்பில் இருந்த எல்லாம் வந்தது. பலூன்காரன் ஊதல் ஒருநாள் ஜன்னல் வழியாக வெளியே குதித்து, தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு, வேப்பமரத்து மைனாக்களோடு போய்ச் சேர்ந்துகொண்டது. தவிலடி ஒவ்வொன்றாக வெளியேறி வீடுகளில் காலிக் குடங்களுக்குள் போய் உட்கார்ந்தது. தொடாமலே தொம் தொம் என்றன குடங்கள். "சும்மா கெட சவமே" என்று ஒரு தட்டுத் தட்டினால் அடங்கும். வந்தது எதுவும் திரும்ப டேப்புக்குள் போகவில்லை. மழையும் அப்படித்தான், குடம் குடமாக ஊருக்குள் போகப் போக டேப்பில் மழை மெலிந்தது.

காந்திமதிநாதனுக்கு அது புரிந்தபோது முதலில் வந்தது சந்தோஷம். பஸ்ஸில் முன்னால் நிற்கிறவர்கள் இறங்கினால்தானே பின்னால் நிற்கிறவள் இறங்க முடியும். செவ்வாய்க்குச் செவ்வாய், வெள்ளிக்கு வெள்ளி, அவள் குரல் கிணற்றுக்கு அடியில் இருந்து மேலே ஏறி வந்தது. அந்த இடம் தாண்டியதும் அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார், அதற்கப்புறம் வெறும் மழைதானே. ஒரு வெள்ளிக்கிழமை, இன்னும் ஒரே ஒரு தடவை ஓடினால் சொல் தெளிந்துவிடும் என்கிற நிலைமைக்கு வந்ததும் அவர் டேப்பை நிறுத்திவிட்டார். அடுத்த செவ்வாய் டேப் ஓடவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் ஓடவில்லை.

பேச்சியம்மாள் இடுப்பில் காலிக் குடத்தோடு வந்து நின்றாள். "என்ன அண்ணாச்சி, மழையக் கட்டி வச்சிக்கிட்டீயளாக்கும்? ஊரு நாக்கு வறண்டு கெடக்கு."

அவர் நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவில்லை. உலகம்மையைப் பற்றி ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். தேரடி, தனி, மழை, ரயில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "அவ சொன்னது வெளிய வந்துட்டா திரும்ப டேப்புல இருக்காது பேச்சி. ஒரே தடவதான். கேக்காம இருக்க வரைக்கும், இருக்கேன்னு சொன்னான்னு நெனச்சிக்கிடலாம். கேட்டு, மாட்டேன்னு இருந்துட்டா? நான் எதுக்கு உயிரோட இருந்தேங்கே?" என்றார்.

பேச்சியம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள். "நீங்க ஒரு பதிலுக்குப் பயந்து கதவ அடைச்சிட்டு உக்காந்திருக்கீய. அவ பாவம், சொல்ல வந்ததச் சொல்ல முடியாம, எத்தன வருஷமா அந்த மழைக்குள்ளயே நிக்கா. பொம்பளப் பிள்ளைய இம்புட்டு நேரமா நனைய விடுவாங்களா? உள்ள கூப்பிடுங்க அண்ணாச்சி."

வருகிற வெள்ளி என்று முடிவானது. விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது, பேச்சியம்மாளுக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரிந்த மாதிரிதான். "குடத்தோட குடம் முட்டுச்சு, மண்டைய உடைச்சிருவேன்" என்று வரிசைக்கே சொல்லிவைத்தாள். லாரி என்ஜினை அணைத்தார்கள். தீப்பெட்டி ஆபீசில் மிஷினை நிறுத்தினார்கள். முக்குக் கடையில் கொத்துப் பரோட்டாக் கரண்டியைக் கீழே வைத்தார்கள். வேப்பமரத்தில் பலூன்காரன் ஊதல்கூட வாயை மூடிக்கொண்டது. சூசைராயன் தூத்துக்குடியில் இருந்து வந்து வால்வைத் துடைத்துச் சூடேற்றிவிட்டுச் சுவரோரம் கைகட்டி நின்றார்.

தவில் அநேகமாக இல்லை. யாரோ தூரத்தில் விரலால் பலகையைத் தட்டுகிற மாதிரி மிச்சம் இருந்தது. முதலில் அவருடைய இளவயசுக் குரல் தேய்ந்துபோய் வந்தது. "திரும்பி வார வரைக்கும் எனக்காகக் காத்திருப்பியா?" வரிசையில் ஒரு சின்னப்பெண் களுக்கென்று சிரித்து, அடி வாங்கினாள். அப்புறம் ஒரு மூச்சு. தொண்டை ஈரத்தோடு, எக்கி நிற்கிற மூச்சிரைப்போடு, நாற்காலிக்கு ஒரு முழம் முன்னால் நின்று உலகம்மை சொன்னாள்.

"அதுக்கென்ன, எம்புட்டு நாளானாலும் இருக்கேன். மொதல்ல நீங்க இருங்க. மழை வருது பாருங்க. ஊருக்குப் போற ஆளு நனையக்கூடாது, ஒரு ஓட்டமா வீட்டுக்குப் போயி குடை எடுத்துட்டு வாரேன். இங்கனயே நில்லுங்க. எங்கயும் போயிராதீங்க."

காந்திமதிநாதனுக்கு அழுகை வரவில்லை முதலில், வாய்தான் திறந்தது. "எம்புட்டு நாளானாலும் இருக்கேன்னாளே. நான் அஞ்சு நிமிஷம் நிக்கலையே பேச்சி. அஞ்சு நிமிஷம் நிக்கலையே" என்றார். அப்புறம் பிள்ளை மாதிரி அழுதார். அழுதுகொண்டே, பழக்கதோஷத்தில், அடுப்படிப் பக்கம் போக எழுந்தார்.

பேச்சியம்மாள் குறுக்கே வந்து மறித்தாள். "எங்க போறீய? நிக்கச் சொல்லியிருக்கால்லா? இப்பவாவது நில்லுங்க."

அவர் நின்றார். டேப் சுற்றிக்கொண்டிருந்தது. மழை தூறலாகத்தான் மிஞ்சியிருந்தது, நடுவீடு முழுக்கப் பொசுபொசுவென்று விழுந்தது. ஓர் ஆடு கத்தியது. பந்தல் தகரத்தில் இருந்து நீர் சொட்டியது. யாரோ ஜமக்காளத்தை உதறிச் சுருட்டினார்கள். அப்போது தூரத்தில், சேற்றில் தப்புத் தப்பென்று கால் வைத்து யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது. வந்தது. நின்றது. குடை விரிகிற சத்தம் படக்கென்று கேட்டது. "இந்தாங்க" என்றது குரல், அப்புறம் கொஞ்சம் தள்ளி, "எங்க போனீய?" என்றது.

சிமெண்ட் தரையில் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். தூறல் விழாத ஒரு வட்டம், ஒரு குடை அகலத்துக்கு, ஸ்பீக்கர் பக்கமிருந்து நகர்ந்து வந்தது. சுவரோரம் போய்த் தேடிற்று, திரும்பிற்று, குடங்களுக்கு நடுவே தயங்கிற்று. நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. எந்தக் குடம் வைத்தாலும் நிறையாத அதே இடம்.

"இங்கதான் நிக்கேன் உலகு" என்றார் காந்திமதிநாதன். ஓரடி எடுத்து வைத்து அந்த வட்டத்துக்குள் போனார். அவர் தோளில் தூறல் விழுவது நின்றது. குட்டையான ஆள் பிடிக்கிற குடை என்பதால் கழுத்தைக் கொஞ்சம் குனிந்துகொண்டு நின்றார். டேப் முடிந்து அதன் வால் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, சூசைராயன் போய் நிறுத்தவில்லை. அன்றைக்கு ஒரு குடம்கூட நிறையவில்லை, காலிக் குடங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக வீட்டுக்குப் போனார்கள்.

ஊத்துப்பட்டியில் இப்போது மறுபடியும் தண்ணி லாரிதான். பங்குனியில் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. ஆனால் தேர் நிலைக்கு வந்து தவிலுக்குத் தனி விடுகிற நேரத்தில் தேரடிக்குப் போய்ப் பாருங்கள், அந்த ஊர் வயசுப் பெண்கள் அத்தனை பேர் கையிலும் ஒரு குடை இருக்கும்.